ஒன்பது பேர் குனிந்த வயல்

மாயக்காளுக்குக் கெண்டைக்கால் இரண்டும் கல்லாக இறுகிப்போயிருந்தன. குதிகால் வெடிப்பில் மண் ஏறி, ஊன்றும்போதெல்லாம் சுரீர் என்றது. மூன்று நாளாக நடை. மார்க்கையன்கோட்டையில் கால் வைக்காத தெரு ஒன்றுதான் பாக்கி. சின்னமனூர் வரைக்கும்கூடப் போய்ப் பார்த்தாயிற்று. நாற்று நட ஆள் தேடிப் போன நடை அது. ஆள் கூப்பிடப் போகிற காலே இப்படி வலித்தால், கூலியாளாகப் போகிறவளுக்கு எங்கெங்கே வலிக்கும் என்று அவள் அப்போது நினைக்கவில்லை. அந்த நினைப்பு வர இன்னும் மூன்று நாள் இருந்தது.

ஊரில் ஆள் இல்லை. மேற்கு மலைக்கு மேலே பேரியாற்றை மறித்து அணை கட்டத் தொடங்கி மூன்றாவது வருஷம். கல் சுமக்க, சுண்ணாம்பு இடிக்க, காடு வெட்ட என்று கைகால் உள்ள சனமெல்லாம் கூடலூர் வழியாக மலையேறிவிட்டது. போனவர்களில் பலர் குளிர்காய்ச்சலோடு திரும்பினார்கள். சிலர் திரும்பவே இல்லை. அப்படியும் போவது நிற்கவில்லை. வயல் வைத்திருந்தவர்கள், கூலிக்கு ஆசைப்பட்டு மலையேறின சனம் என்று முகம் சுளித்தார்கள். சுளித்த முகத்தோடு வரப்பில் நின்று பார்த்தால், நாற்றங்காலில் பயிர் முற்றிக்கொண்டிருந்தது.

மாயக்காளின் புருஷன் வீரணனும் அந்தப் பக்கம் போனவன்தான். ஆனால் அவன் போனது சொந்த வண்டியில், சொந்த மாட்டோடு, மலையடிவாரத்தில் சுண்ணாம்புக்கல் பாரம் அடிக்க. வண்டியில் கல்லைத் தூக்கி வைக்கிறவன் கூலியாள். அந்தக் கல்லின் மேலே உட்கார்ந்து மாட்டை ஓட்டுகிறவன் குடியானவன். ஊர் அப்படித்தான் வைத்திருந்தது. காய்ச்சலுக்கு இந்த வித்தியாசம் தெரியவில்லை. பதினாறு நாளாக ஒருநாள் விட்டு ஒருநாள், பகல் உச்சியில் பல் கிட்டிப்போகிற குளிர். மூன்று கம்பளி போர்த்தினாலும் கட்டில் ஆடியது. குளிர் விட்ட நாளில் மோட்டுவளையைப் பார்த்தபடி நாற்றைப் பற்றிக் கேட்பான்.

பண்ணையாள் ராக்கப்பன் உழுது, தொழி கலக்கி, பரம்படித்து வைத்துவிட்டுத்தான் மலைக்குப் போனான். வயல் கண்ணாடி மாதிரி கிடந்தது. நாற்றுக்கு முப்பது நாள் தாண்டிவிட்டது. அந்த வயல் நெல்தான் மாயக்காளுக்கும் வீரணனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் வருஷச் சோறு. வேறே நஞ்சை கிடையாது.

புதன்கிழமை காலையில் மடைக்குப் போய் நின்றாள். நீர்பாய்ச்சி பலவேசம் முழங்கால் தண்ணீரில் நின்று மடைவாயில் சிக்கிய தழையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"ஆத்தா, நான் ஒண்ணும் மறைக்கல. சனிக்கெழம பொழுதடைய இந்த மடைய அடச்சிருவேன். அப்புறம் கீழமடைக்காரக முறை. பன்னண்டு நாளைக்கு எங்கிட்ட வந்து நிக்காதீக."

"பன்னண்டு நாள்ல சேறு வெடிச்சிருமே பலவேசம்."

"நட்ட வயலுன்னா சாரல்லயே தாங்கும், நடாத வயலு வெடிக்கும். நாத்தும் கணு விட்டுப்போகும். அதுக்கு நான் என்ன செய்ய? உங்களுக்கு ஒரு நாள் கூட விட்டேன்னு வைங்க, கீழமடைக்காரக என்னயத்தான் மடையில வச்சு அடைப்பாக."

வீட்டுக்கு வந்தபோது வீரணனின் அண்ணன் கருத்தக்கண்ணன் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மாயக்காள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்றாள். அவர் எதிரில் நின்று பேசுகிற வழக்கமில்லை.

"ஆள் கெடைச்சதா?" என்று கதவைப் பார்த்துக் கேட்டார்.

"கெடைக்கல."

"தெருத்தெருவா நீ நடக்கிறது ஊர் பூரா பேச்சா இருக்கு. நம்ம வீட்டுப் பொம்பளைக ஆள் கூப்பிடப் போனதில்ல. ஆள் அனுப்பிக் கூப்பிட்டுத்தான் பழக்கம்."

"அனுப்ப ஆள் இருந்தா, அந்த ஆளையே நட விட்ருப்பேன்ல."

வீரணன் கம்பளிக்குள்ளிருந்து சிரித்தான்; சிரிப்பு இருமலாகி நின்றது. கருத்தக்கண்ணன் சிரிக்கவில்லை.

"இந்த வருசம் தரிசாக் கெடக்கட்டும். தரிசாக் கெடந்தாலும் மருவாதியாக் கெடக்கட்டும். கஞ்சிக்கு நான் நாலு மூட்ட சோளம் தாரேன்."

அவர் தருவார், அதில் சந்தேகமில்லை. தந்துவிட்டு ஆறு மாசம் ஊரெல்லாம் சொல்லுவார். வீரணன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் முதுகெலும்பு துணிக்கு மேலே தெரிந்தது. மாயக்காள் கதவை விட்டு நகர்ந்து, அடுப்படியில் ஒரு செம்பு தண்ணீரைக் குடித்துவிட்டு, பாக்கியிருந்த ஒரு தெருவுக்கு நடந்தாள்.

வேதக்காரத் தெரு ஊருக்குத் தெற்கே கண்மாய்க் கரையை ஒட்டி இருந்தது. சிலுவை வைத்த கூரைக்கோயில் ஒன்று, இருபது வீடுகள். பாட்டன் காலத்தில் வேதத்தில் சேர்ந்த குடும்பங்கள். அங்கே பெண்கள் இருக்கிறார்கள் என்பது மாயக்காளுக்கு முதல் நாளே தெரியும். தெரிந்துதான் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தாள். அந்தத் தெருவிலிருந்து சனம் இவள் வீட்டு வாசலுக்கு வரும். இவள் அங்கே போனதில்லை.

வியாகுலமேரி வாசலில் சோளம் புடைத்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயசிருக்கும். நடவு வரிசைக்கு அவள்தான் தலையாள். மாயக்காளைக் கண்டதும் முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"என்ன ஆத்தா, நீங்களே நடந்து வந்திருக்கீக. மொதலாளிக்கு ஒடம்பு எப்படி இருக்கு?"

"அப்படியேதான் இருக்கு வியாகுலம். சனிக்கெழமக்குள்ள நாத்து ஏறணும். ஒம்பது பத்து ஆளு வேணும். கூலி ஒண்ணரைப் பங்கு தாரேன்."

"ஒண்ணரைப் பங்கு மலையிலயும் தாராக ஆத்தா. கூலிதான் வேணும்னா எங்க ஆம்பளைக கூட நாங்களும் போயிருப்பமே. கம்மாய்க்குக் கீழ ஆளுக்கொரு துண்டு நெலம் வாரக் குத்தகைக்குப் பிடிச்சிருக்கோம். அதுக்குத்தான் நின்னோம். வரப்பு வெட்டி, சேறு மிதிச்சு, எல்லாம் நாங்களேதான். திங்கக்கெழம நடவு தொடங்குது. சனிக்கெழம ஒரு நாள் இடுப்ப நிமித்திப் படுப்போம்னு வச்சிருந்தோம்."

பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து, மடியில் பிள்ளையைப் போட்டுப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஒருத்தி பேசினாள். மதலேனாள். இருபத்தைந்து வயசு, நாக்குக்கு மட்டும் இன்னும் கூட.

"மாத்தாளாக் கேட்டா வரலாம்லக்கா."

"சும்மா இருடி. அவுக வீட்ல இருந்து மாத்துக்கு யாரு வருவா?"

"இந்தா நிக்காகள்ல. ரெண்டு கை இருக்கு, ரெண்டு காலு இருக்கு. நம்ம வரிசையிலயும் ஒரு ஆளு கொறையுது. முத்துப்பேச்சி மலைக்குப் போனதுல இருந்து ஒம்பது பேராத்தான் நிக்கோம். கம்மாய்த் தண்ணி பத்து நாளைக்குத் தாங்காது. பத்தாவது ஆளு இருந்தா எட்டு நாள்ல முடிச்சிரலாம்."

மாற்றாள் வழக்கம் மாயக்காள் கேள்விப்பட்டதுதான். இன்றைக்கு நீ என் வயலில் குனி, நாளைக்கு நான் உன் வயலில் குனிகிறேன். கூலி கொடுக்க வழியில்லாதவர்கள் தங்களுக்குள் செய்துகொள்வது. அவள் வீட்டில் அந்தப் பேச்சு வந்ததே இல்லை.

வியாகுலமேரி முறத்தில் இருந்த சோளத்தைப் பெட்டியில் கொட்டினாள். பிறகு நேராகச் சொன்னாள்.

"ஒளிவு மறைவு இல்லாமச் சொல்லிர்றேன் ஆத்தா. நாங்க ஒம்பது பேரும் சனிக்கெழம உங்க வயல்ல குனியிறோம். நீங்க எங்களுக்கு ஆளுக்கொரு நாள் குனியணும். உங்களுக்குப் பதிலா வேற ஆள விடக் கூடாது. ஒடம்புக்கு ஒடம்பு. அவ்வளவுதான்."

"எனக்கு நட வராதே."

"வகுத்துல இருந்து வரும்போது யாருக்கும் வராது" என்றாள் மதலேனாள், பிள்ளையை அடுத்த பக்கம் மாற்றிப் போட்டபடி.

மாயக்காள் திரும்பிப் பார்த்தாள். மேற்கே மலை முழுவதும் மேகம் இறங்கிக் கிடந்தது. கருத்தக்கண்ணனின் நாலு மூட்டைச் சோளம் நினைவுக்கு வந்தது; வீரணனின் முதுகெலும்பும் நினைவுக்கு வந்தது.

"வாங்க" என்றாள். "நான் குனியிறேன்."

சனிக்கிழமை விடியுமுன்பே ஒன்பது பேரும் நாற்றங்காலில் இருந்தார்கள். பறித்த நாற்றைக் காலில் தட்டி மண் உதறி முடி முடியாகக் கட்டிப் போட்டார்கள். மலையிலிருந்து சாரல் காற்றில் சாய்ந்து வந்து முகத்தில் ஊசி மாதிரி குத்தியது. மாயக்காள் சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகத் தெரியாமல் நின்றாள். வியாகுலமேரி வந்து, கேட்காமலே கொசுவத்தைப் பின்னுக்கு இழுத்துச் செருகிவிட்டாள்.

"எறங்கு புள்ள" என்றாள்.

மாயக்காள் நிமிர்ந்து பார்த்தாள். வரப்பில் நின்றவரைக்கும் ஆத்தா. சேற்றில் இறங்கினால் வயசுதான். வரிசையில் மூத்தவள் இளையவளை அப்படித்தான் கூப்பிடுவாள். ஒருத்திக்கு மட்டும் ஆத்தா போட்டால் வரிசை நகராது.

சேறு குளிர்ந்து, வழவழவென்று கெண்டைக்கால் வரைக்கும் ஏறியது. இத்தனை வருஷம் அந்த வயல் சோற்றைத் தின்றவளுக்கு அதன் அடிமண் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. நண்டு ஒன்று பாதத்தின் மேல் ஊர்ந்து போனது. கத்தாமல் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இடது கையில் நாற்று முடி. வலது கையால் இரண்டு மூன்று பயிராகப் பிரித்து, பெருவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து வேரைப் பிடித்து, விரல் மூட்டு முங்குகிற ஆழத்துக்கு ஊன்றி, பின்பக்கமாகவே நகர வேண்டும். பார்க்கச் சின்ன வேலை. ஒரு நாழிகை போவதற்குள் அவள் நட்டதில் பாதி தண்ணீரில் மிதந்தது.

"இங்கன பாருங்கடி" என்றாள் மதலேனாள். அவள் மாயக்காளுக்கு வலப்பக்கம் நின்றாள். "ஒரு குத்துல பத்துப் பயிர ஊனியிருக்கு. என்ன புள்ள, கல்யாண வீடா? எல்லாத்தையும் ஒரே பந்தியில உக்கார வைக்க?"

வரிசை முழுக்கச் சிரித்தது. மாயக்காளும் சிரித்துவிட்டாள். அடுத்த குத்துக்கு மூன்று பயிர் எடுத்தாள். மிதக்கவில்லை.

வரிசையில் ஒருத்தி பிந்தினால் மற்றவர்கள் நிற்க வேண்டும். ஆனால் அன்றைக்கு வரிசை நிற்கவில்லை. உச்சிப்பொழுதுக்குப் பக்கத்தில்தான் மாயக்காள் ஏன் என்று கவனித்தாள். மதலேனாளின் கை தன் பங்கை நட்டுவிட்டு, இந்தப் பக்கம் எட்டி, மாயக்காளின் பங்கிலும் இரண்டு குத்து ஊன்றிவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. இடப்பக்கத்தில் நின்ற செலினும் அதையே செய்தாள். ஒருத்தியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேச்சு முழுக்க யாரோ ஒருத்தியின் மாடு கயிற்றை அறுத்துக்கொண்டு கோயிலுக்குள் போய் நின்றதைப் பற்றி இருந்தது.

கஞ்சி வேளைக்குக் கரையேறினார்கள். மாயக்காள் பெரிய பானையில் கேப்பைக்கூழ் காய்ச்சி, ஊற்றிக் கொடுக்கப் பனையோலைப் பட்டையும் கொண்டுவந்திருந்தாள். கூலியாளுக்கு அப்படித்தான் ஊற்றுவது. ஒன்பது பேரும் அவரவர் கலயத்தைத் திறந்தார்கள்.

"மாத்தாளுக்குக் கஞ்சி அவரவர் கலயம் ஆத்தா" என்றாள் வியாகுலமேரி. கரையேறியதும் ஆத்தா திரும்பி வந்திருந்தது. "வெஞ்சனம் இருந்தா மட்டும் வைங்க."

கருவாட்டுக் குழம்பும் வெங்காயமும் இருந்தன. வைத்தாள். வைத்துவிட்டு, தள்ளிப் போய்ப் புங்கமரத்தடியில் தனியாக உட்காரலாம் என்றுதான் நினைத்தாள். நிமிர்ந்தபோது இடுப்பில் கத்தி செருகினாற்போல் ஒரு பிடிப்பு. அடுத்த அடி எடுக்க முடியவில்லை. இருந்த இடத்திலேயே, மதலேனாளுக்கும் செலினுக்கும் நடுவே, பொத்தென்று உட்கார்ந்தாள். குழம்புச்சட்டி நடுவில் இருந்தது. பத்துக் கையும் அதற்குள் போனது. தன் கை எது என்று பார்த்தாள். சேறு காய்ந்து எல்லாம் ஒரே நிறமாக இருந்தன.

பொழுதடைய ஒரு ஆள் உயரத்துக்கு வெயில் இருக்கும்போதே நடவு முடிந்தது. பலவேசம் மடையை அடைக்க மண்வெட்டியோடு வந்தவன், வயலைப் பார்த்துவிட்டு மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றான். "எப்ப ஆத்தா?" என்றான். நம்பாதவன் மாதிரி வரப்பில் நடந்து போய் மூலை வரைக்கும் பார்த்துவந்தான்.

அந்த நேரத்தில்தான் மாயக்காள் அந்தத் தப்பைச் செய்தாள். மத்தியானமே ஓலைப்பெட்டியில் நெல் கொண்டுவந்து புங்கமரத்தடியில் மூடி வைத்திருந்தாள். மனசு நிறைந்து போயிருந்தது. பெட்டியைத் திறந்து மரக்காலால் கோபுரமாக அள்ளி, ஒவ்வொருத்தி மடிக்கும் நீட்டினாள். ஒன்றரைப் பங்கு இல்லை, இரண்டு பங்கு.

யாரும் மடியை விரிக்கவில்லை. மதலேனாள் மரக்காலை அவள் கையிலிருந்து வாங்கி, நெல்லைத் திரும்பப் பெட்டிக்குள்ளேயே சாய்த்தாள். ஒரு மணி கீழே சிந்தவில்லை.

"ஏன் மதலேனா? கொறைச்சலா இருக்கா?"

"கொறைச்சலெல்லாம் இல்ல ஆத்தா. இத வாங்கினா நாங்க கூலியாளு. நாளைக்கு உங்க வாசல்ல நாங்க வந்து நிக்கணும். வாங்கலைன்னா நீங்க எங்க வயல்ல வந்து நிக்கணும். எது வேணும்னு நீங்களே சொல்லுங்க."

மாயக்காளுக்கு முகம் சிவந்தது. நன்றியில் அளந்ததுதான். ஆனால் நெல்லைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்தபோதே, கொடுத்துவிட்டால் அடுத்தவள் வயலில் போய்க் குனிய வேண்டியதில்லை என்று ஒரு நினைப்பு உள்ளே ஓரமாக இருந்தது. அதை மதலேனாள் எடுத்து வெளியே வைத்துவிட்டாள்.

பெட்டியை மூடினாள்.

"திங்கக்கெழம யாரு வயலு?"

"என் வயலு" என்றாள் வியாகுலமேரி. "வெடியுமுன்ன வாங்க. இடுப்புக்கு வெளக்கெண்ண தேய்ச்சு வெந்நீ ஊத்துங்க. நாளைக்குத்தான் வலி தெரியும். இன்னைக்குத் தெரியறது ஒண்ணுமில்ல."

அது உண்மையாகப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மாயக்காள் பாயிலிருந்து ஒருக்களித்துப் புரண்டு, சுவரைப் பிடித்துத்தான் எழுந்தாள். வீரணனுக்குக் குளிர் விட்ட நாள். கட்டிலிலிருந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நட்டது சரி" என்றான். "நம்ம வயல்ல நாம குனிஞ்சா அது ஒரு மாதிரி. அவ வயல்ல போயி நீ குனிஞ்சா நாம யாரு?"

"நம்ம வயல்ல அவுக குனிஞ்சாகள்ல? அப்ப அவுக யாரு?"

"அவுக கூலிக்கு..."

"கூலி வாங்கல. நான் குடுத்தேன். பெட்டியில திருப்பிப் போட்டுட்டாக."

வீரணன் தலையைத் தூக்கி, "வாங்கலையா?" என்று மட்டும் திரும்பக் கேட்டான்.

திங்கட்கிழமை கண்மாய் வயலில் மாயக்காள் குனிந்தபோது, கரைமேல் போகிற பாதையில் ஊர் நின்று பார்த்தது. மேலத்தெருப் பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார்கள். ஒருத்தி, "என்ன மாயக்கா, மண்டி போட்டு வேதத்துல சேந்துட்டியா?" என்று கேட்டாள்.

"இல்லத்தா, வரிசையில சேந்திருக்கேன்" என்றாள் மாயக்காள், குனிந்த தலை நிமிராமல்.

நிமிர்ந்தால் திரும்பக் குனிய முடியாது என்பது முதல் நாளே படித்த பாடம்.

கருத்தக்கண்ணன் அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்கு வந்து, உள்ளே வராமல் வாசலில் நின்று பேசினார். "ஒன் பொண்டாட்டி எவ வயல்லயோ பின்னால நகந்துக்கிட்டு இருக்கா. ஊரு சிரிக்குது. நீ கட்டில்ல கெடக்கியா, செத்துட்டியா?"

வீரணன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தான். "கெடக்கேன்ண்ணே. நான் கெடந்ததாலதான் அவ நடக்கா. நம்ம வயலப் பாத்தீகளா? மூலை வரைக்கும் நட்டு முடிஞ்சிருக்காம்."

"சோளம் தாரேன்னு சொன்னேன்ல."

"சொன்னீக. நல்லா இருங்க. கல்லு ஏத்தப் போன எடத்துல எனக்கு மொதக் குளிர் வந்து மயங்கி விழுந்தப்ப, என்னய வண்டியில தூக்கிப் போட்டு, மாட்டப் பிடிச்சு வீடு வரைக்கும் கொண்டுவந்தது ஒரு சொமை தூக்குற பய. பேரு தெரியாது எனக்கு. அவன் கைய நான் ஒரு தரம்கூட ஏறெடுத்துப் பாத்ததில்லண்ணே."

கருத்தக்கண்ணன் போனபின், கதவுக்குப் பின்னால் நின்ற மாயக்காள் வெளியே வந்து ஒரு செம்பு வெந்நீரை அவன் கையில் கொடுத்தாள். அதுவரை அவன் அதை அவளிடம்கூடச் சொன்னதில்லை.

நாலாம் நாள் இடுப்பு மரத்தது. ஆறாம் நாள் மாயக்காளின் பங்கை யாரும் எட்டி நடவில்லை. நட வேண்டிய தேவை இருக்கவில்லை. இடையில் கோயிலுக்குப் போகிற ஞாயிறு போக, எட்டாம் நாள் செவ்வாய்க்கிழமை, செலின் வயல். உச்சிப்பொழுதில் கண்மாய்க் கரையிறங்கி ஒருவன் கம்பு ஊன்றி வந்தான். ஒரு கையில் கஞ்சிக் கலயம். நாலு அடிக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினான். வீரணன்.

"அடியே, யாரு வாராகன்னு பாருங்க" என்றாள் செலின்.

வயல்காட்டுக்குப் புருஷன் பெண்டாட்டிக்குக் கஞ்சி கொண்டுவந்து அங்கே யாரும் பார்த்ததில்லை. வீரணன் வரப்பில் நின்று, கலயத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கைமாற்றினான்.

"மொதலாளி," என்றாள் மதலேனாள், "கலயத்த வச்சிட்டு எறங்குங்க. பதினோராவது ஆளு வேணும்."

"எறங்குவேன். இன்னைக்கு எறங்கினா நீங்கதான் என்னயத் தூக்கணும்."

"தூக்கிருவோம். அதுவும் மாத்துக் கணக்குத்தான். நீங்களும் எங்கள ஒருநா தூக்கணும்."

வரிசை கலைந்து சிரித்தது. வீரணனும் சிரித்தான். சிரிப்பு அடங்கியபின், எல்லோரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, "நாத்து நல்லா நிக்கி. உங்க கையிதான். நல்லா இருங்க எல்லாரும்" என்றான். வியாகுலமேரி ஒரு முறை தலையை ஆட்டிவிட்டுத் திரும்பக் குனிந்துகொண்டாள். வரிசை நகர்ந்தது.

பொழுதடைய வாய்க்காலில் கைகால் கழுவும்போது மாயக்காள் விரல் விட்டு எண்ணினாள். எட்டு வயல் முடிந்தது.

"நாளைக்கு ஒன் வயலா மதலேனா?"

மதலேனாள் சேற்றுக் காலைக் கல்லில் தேய்த்துக்கொண்டே சொன்னாள். "எனக்கு எங்கன வயலு இருக்கு? போன வருசம் இருந்த துண்ட நெலத்துக்காரக திருப்பி வாங்கிட்டாக."

"அப்ப எதுக்கு வந்த? எனக்கும், இந்த எட்டுப் பேருக்கும்?"

"வரிசைய விட்டுட்டா எடம் போயிரும். நாளைக்கு ஒரு துண்டு கெடைச்சுதுன்னு வைங்க, எனக்குக் குனிய ஆளு வேணும்ல. இப்ப எட்டுப் பேரும் எனக்கு ஒரு நாள் தரணும். உங்களோட ஒம்பது. இந்த ஊர்லயே பணக்காரி நாந்தான், தெரியும்ல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாயக்காளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன் பங்குக்குள் எட்டி எட்டி வந்துபோன அந்தக் கையைப் பார்த்தாள்.

"ஒன் வீட்டுச் சொவரு இடிஞ்சு கெடக்கு. மண்ணு கொழச்சு நான் பூசித் தாரேன்."

"நடவுக்கு நடவு. சொவத்துக்குச் சொவரு. ரெண்டையும் கொழப்பாதீக."

"நெல்லுக் குத்தித் தாரேன்."

"குத்த நெல்லு இருந்தா நான் ஏன் சேத்துல நிக்கேன்? விடுங்க ஆத்தா. ஓடியா போயிரும்? கெடக்கட்டும்."

தை பிறக்குமுன்பே அறுப்பு வந்தது. நட்டவளுக்கு அறுப்பில் முதல் இடம். அது ஊர் வழக்கம். ஒன்பது பேரும் வந்து அறுத்து, அறுப்புக் கூலிக் கதிரைச் சுமந்து போனார்கள். மதலேனாள் கட்டு மற்றவர்களுடையதை விடக் கொஞ்சம் பெரிசாக இருந்தது. கட்டிக் கொடுத்தது மாயக்காள். மதலேனாள் கட்டைத் தூக்கிப் பார்த்து, ஒரு பிடிக் கதிரை உருவித் திரும்பக் களத்தில் போட்டுவிட்டு நடந்தாள்.

புது நெல்லுச் சோற்றை முதல் தடவை வடித்த அன்று, வீரணன் முதல் கவளத்தைக் கையில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போட்டான். அவனுக்கு உடம்பு தேறியிருந்தது. இரண்டாம் போகத்துக்குத் தானே சேறு மிதித்தான். கருத்தக்கண்ணன் அந்த வரப்புப் பக்கம் வருவதை விட்டுவிட்டார். மாயக்காள் வருஷா வருஷம் வியாகுலமேரியின் வரிசையில் பத்தாவது ஆளாக நின்றாள். கூலிக்கு ஆள் கிடைக்கிற வருஷத்திலும் நின்றாள். சேற்றில் புள்ள, கரையில் ஆத்தா. பிறகு கரையிலும் சிலசமயம் புள்ள என்றே வந்தது. அவள் அதைத் திருத்தவில்லை.

மதலேனாள் அந்தத் தையிலேயே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு புருஷன் மரியராஜோடு மலைக்குப் போய்விட்டாள். புறப்படுகிற அன்று மாயக்காள் வீட்டு வாசல் வழியாகத்தான் போனாள். நிற்கவில்லை. "மறந்துராதீக" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அணை முடிந்தது. தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் இறங்கி வந்தது. மலைக்குப் போன சனத்தில் பாதி ஊர் திரும்பியது. மரியராஜ் கூடலூரிலேயே கல் உடைக்கிற வேலைக்கு நின்றுவிட்டான் என்றார்கள், மதலேனாளும் அங்கேதான். வண்டியோடு கூடலூர் போகிறபோதெல்லாம் வீரணனிடம் மாயக்காள் சொல்லி அனுப்புவாள்: வயல் கிடைத்ததா என்று கேட்டு வாருங்கள், எந்தத் தேதி என்று சொல்லச் சொல்லுங்கள், நான் வந்துவிடுகிறேன்.

ஒரு தடவை வீரணன் மாட்டை அவிழ்த்துக்கொண்டே பதில் சொன்னான்.

"பாத்தேன். ரோட்டோரம் சல்லி ஒடைக்கா. வயலு இன்னும் கெடைக்கலையாம். கெடைக்கிற வரைக்கும் இடுப்பப் பத்திரமா வச்சிருக்கச் சொன்னா."

மாயக்காள் சிரித்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து, முற்றத்தில் நின்று ஒரு தரம் இடுப்பைப் பின்னால் வளைத்து நிமிர்த்திப் பார்த்துக்கொண்டாள். மறுநாள் விடியுமுன்பு வியாகுலமேரி வயலுக்குப் போக வேண்டியிருந்தது.

எட்டுப் பேருக்கு எட்டு நாள் குனிந்தாயிற்று. மதலேனாளுக்கு ஒரு நாள் நடவு தர வேண்டும். அதை மாயக்காள் இன்னும் தரவில்லை.